இன்ஷிராஹ் வாங்கிய காப்பிச் செம்பு

ஷுப்ராவில் ரயில் பாதையை ஒட்டி நிற்கும் எங்கள் கட்டடத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி கிடைக்கும், இன்ஷிராஹ் வீட்டைத் தவிர. அங்கே தேநீர்தான். கண்ணாடித் தம்ளரில், புதினா போட்டு, குறை சொல்ல முடியாத தேநீர். "காப்பி இல்லையா?" என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போச்சு. "கீழே கடை இருக்கு. படி இறங்கத் தெரியும்ல?" என்பாள். கேட்டவர் வாயை மூடிக்கொண்டு தேநீரைக் குடிப்பார்.

இந்த வீம்பு அவள் கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் தொடங்கியது. அவள் கணவன் ஷஹாத்தா பஸ் டிரைவர். புதுத் தம்பதியை வாழ்த்த அவனுடைய கூட்டாளிகள் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். இன்ஷிராஹ் மண்ணெண்ணெய் அடுப்பில் காப்பி போட்டாள். அந்த அடுப்புக்கு இரண்டே குணம்தான் தெரியும்: ஒன்று அணையும், இல்லையென்றால் சீறும். காப்பி பொங்கி, நுரை முழுக்க அடுப்பில் வழிந்துபோயிற்று. மிஞ்சிய கறுப்புத் தண்ணீரைக் கோப்பைகளில் ஊற்றி, தட்டைத் தூக்கி வந்தாள்.

எங்கள் ஊரில் அந்த நுரைக்கு முகம் என்று பேர். முகம் இல்லாத காப்பியைக் கொடுப்பதும் வந்தவரைப் பார்த்துக் கதவைச் சாத்துவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஷஹாத்தா கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்னடி இது, காப்பியோட முகத்தை உங்கப்பன் வீட்லயே வச்சுட்டு வந்துட்டியா?"

கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் மனசில் வஞ்சம் எதுவும் கிடையாது. எதைப் பார்த்தாலும் கேலி செய்கிற வாய் அவனுக்கு. ஆனால் காப்பி குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைக்கும்போது, போட்டுக் கொடுத்தவளைப் பார்த்து "எப்பவும் இருக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். இந்த வீட்டில் காப்பி என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும் என்று அர்த்தம். அவள் பதிலுக்கு "உங்க ஆயுசு நீளட்டும்" என்பாள். அன்றைக்குச் சிரிப்பில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்ற இன்ஷிராஹ், காலிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதோடு காப்பியைத் தலைமுழுகினாள்.

ஷஹாத்தாவும் சளைத்தவன் இல்லை. வீட்டில் காப்பி இல்லையென்றால் கடைக்குப் போகிறேன் என்று கீழே ஸக்லூலின் காப்பிக்கடையைப் பிடித்துக்கொண்டான். வேலை முடிந்து வந்தால் இருட்டுகிற வரை அங்கேதான். பெண்கள் உள்ளே போகிற கடை இல்லை அது. இன்ஷிராஹுக்கு அந்தக் கடை பால்கனியிலிருந்து தெரிகிற மட்டும்தான்: ஆண்களின் உச்சந்தலைகள், டொமினோ கட்டைகள் மேசையில் மோதுகிற சத்தம், எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஷஹாத்தாவின் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவன் மாடிக்குக் கொண்டுவந்ததே இல்லை.

"எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா. மீசை வச்ச சக்களத்தி. பேரு ஸக்லூல்," என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்வாள். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், ஆனால் கண் சிரிக்காது. சட்டைக் காலர் தைத்துக் கொடுத்து, இப்திஸாம் என்ற ஒரே மகளை வளர்த்து, போர்ட் சயீதில் கட்டிக் கொடுத்து, இன்ஷிராஹின் ஆயுளில் பாதி இப்படியே போய்விட்டது.

பிறகு சர்க்கரை நோய் ஷஹாத்தாவின் ஒரு காலை வாங்கிக்கொண்டது. நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. இறங்க வழியில்லை. ஸக்லூல் பாவம், கடையை விட்டுவிட்டுத் தானே தட்டில் காப்பியை ஏந்திக்கொண்டு மூச்சு வாங்க மேலே வந்தான். ஆனால் முகம் நாலு மாடி ஏறுமா? ரெண்டாவது மாடித் திருப்பத்திலேயே உடைந்துவிட்டது.

"ஸக்லூல், இது காப்பி இல்லடா. காப்பியோட பொணம். இதையா சுமந்துட்டு வந்தே?" என்றான் ஷஹாத்தா.

"மாப்ளே, நீ கீழே வா. உசுரோட தர்றேன்."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். ஸக்லூல் படியிறங்கிப் போனதும் ஷஹாத்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றிலிருந்து சாயங்காலமானால் அப்படித்தான். கீழேயிருந்து காப்பி வாசனை ஏறி வரும்போது கண்ணை மூடிக்கொள்வான். ஒன்றும் கேட்க மாட்டான். அவன் கேலி பேசினால் தாங்கத் தெரிந்த இன்ஷிராஹுக்கு, அவன் சும்மா கிடப்பதைத் தாங்கத் தெரியவில்லை. இவன் போவதற்குள் என் கையால் முகம் கூடிய ஒரு கோப்பை குடித்துவிட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குள் ஒரு வெறி பிறந்தது.

செம்புக்காரர்கள் தெருவுக்குப் போனாள். நீளப் பிடி வைத்த காப்பிச் செம்புகள் கடை வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அலுமினியத்தில், எவர்சில்வரில், பித்தளையில், உள்ளே ஈயம் பூசிய செம்பில். கடைக்காரர் வயிறு மேசையில் இடிக்க எழுந்தார்.

"எத்தனை பேருக்கு, ராணியம்மா?"

ஒருத்தருக்கு என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆறு கோப்பை கொள்ளுகிற பெரிய செம்பாக வாங்கிக்கொண்டு வந்தாள். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, எரிவாயு அடுப்பில் வைத்துப் போட்டாள். முகம் வரவில்லை. மறுநாளும் போட்டாள், வரவில்லை. போட்டதையெல்லாம் தொட்டியில் கொட்டினாள். கதவைச் சாத்தலாம், வாசனையைச் சாத்த முடியுமா?

"ஏ இன்ஷிராஹ், ஸக்லூல் கடையைத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்று படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"துணிக்குச் சாயம் போடறேன். சும்மா கெட."

செம்பைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனாள். கடைக்காரர் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இவ்ளோ பெரிய செம்புல ஒரு கோப்பைக் காப்பியா போட்டீங்க? நுரை ஒண்ணுசேர வேண்டாமாம்மா? அடி அகலமா, கழுத்துக் குறுகலா, நிறையற அளவுக்குச் செம்பு இருந்தாத்தான் அது கூடி மேல வரும். யாருக்குக் காப்பி?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"நீங்க குடிக்க மாட்டீங்களா?"

"எனக்கும் காப்பிக்கும் சண்டை."

"எப்போலேர்ந்து?"

"கல்யாணத்துக்கு மறுநாள்லேர்ந்து."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். பெரியதை வாங்கிக்கொண்டு உள்ளங்கையில் அடங்குகிற ஒற்றைக் கோப்பைச் செம்பைக் கொடுத்தார். கூடவே ஒரு பித்தளை ஸ்பிரிட் அடுப்பு. திரியில் நீலமாக எரிகிற, ஊதினால் அணைகிற சின்ன அடுப்பு.

"எரிவாயு அடுப்பு வாத்து வறுக்கறதுக்கு. காப்பிக்கு இதான். தூளைக் கொஞ்சங் கொஞ்சமா வாங்குங்க, கண் மை மாதிரி அரைக்கச் சொல்லுங்க. அடுப்புல வைக்கறதுக்கு முன்னாடி கலக்குங்க. வச்சப்புறம் கரண்டியைத் தூரப் போட்டுட்டுப் பார்த்துக்கிட்டே நில்லுங்க."

பார்த்துக்கொண்டே நின்றாள். குறுகின கழுத்தில் பழுப்பாக ஒரு வளையம் கட்டி, மெல்ல மெல்ல நடுவை நோக்கிக் கூடி, மூடிக்கொண்டது. பொங்குவதற்கு முன்னால் எடுத்தாள். கோப்பையில் ஊற்றினாள். முகம் உடையாமல் வந்து உட்கார்ந்தது. இன்ஷிராஹ் அழவில்லை, ஆனால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

ஷஹாத்தா கோப்பையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பால்கனியிலிருந்து மட்டும் அவள் கேட்டிருந்த அந்தச் சிரிப்பு முதல்முறையாக அறைக்குள் கேட்டது. "அடிப்பாவி, சாயமா போட்டே?" என்று கோப்பையை வாங்கி ஒரு மடக்கு குடித்தான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"சர்க்கரை?"

"டாக்டர் கூடாதுன்னாரே."

அவன் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். சர்க்கரை இல்லாத காப்பியை விரும்பிக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஷஹாத்தாவைப் போன்றவர்கள் அதைக் குடிப்பது சாவு வீட்டில் மட்டும்தான். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு அங்கே கொடுப்பது வெறுங்காப்பி. குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்து போவார்கள். "எப்பவும் இருக்கட்டும்" என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்ட காப்பி எந்த வீட்டிலும் எப்பவும் இருக்கக் கூடாது.

"என் எழவுக் காப்பியை எனக்கே தர்றியா? நான் இன்னும் கண்ணை மூடலடி," என்றான். கேலியாகத்தான் சொன்னான். 

செம்பை யோசித்தாள், அடுப்பை யோசித்தாள், தூளை யோசித்தாள், இதை யோசிக்கவில்லையே என்று இன்ஷிராஹ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு கரண்டி போடேன்."

"இன்னொரு காலும் போகணுமா?"

"இருக்கற காலை வச்சுக்கிட்டு நான் எங்கே போகப் போறேன்?"

"சர்க்கரை இறங்கட்டும். கண்டிப்பா போட்டுத் தர்றேன்," என்றாள். அவன் கோப்பையை இன்னொரு தடவை பார்த்தான். "முகம் நல்லாத்தான் வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்கப்புறம் அவன் மாத்திரையை மறுக்கவில்லை. ரொட்டியைக் குறைத்தான், இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் அந்த ஒரு கரண்டிக்காகத்தான். ஒரு புதன்கிழமை ரத்தம் பார்த்த டாக்டர், பரவாயில்லை, இறங்கியிருக்கிறது, எப்போதாவது ஒரு சின்னக் கரண்டி போட்டால் குற்றமில்லை என்றார். டாக்டர் படியிறங்குவதற்குள் ஷஹாத்தா, "அடுப்பைப் பத்த வை," என்றான்.

இன்ஷிராஹ் செம்பைக் கையில் எடுத்தாள். எடுத்தவளுக்கு அந்த மறுநாள் காலை ஞாபகம் வந்தது, அந்தச் சிரிப்பும். ரெண்டு பேருக்கு நடுவில் குடித்தால் யாருக்குத் தெரியும்? அவனை இத்தனை வருஷம் கடையில் வைத்திருந்த ஸக்லூலின் எதிரிலேயே அவன் என் காப்பியைக் குடிக்க வேண்டும், அந்த வார்த்தையை நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"வெள்ளிக்கிழமை போடறேன். தொழுகை முடிஞ்சு ஸக்லூலையும் கூட்டாளிகளையும் மேல வரச் சொல்றேன். அவங்க முன்னாடி குடி."

"இன்னைக்கு ஒண்ணு, வெள்ளிக்கிழமை ஒண்ணு."

"ஆசையைப் பாரு. வெள்ளிக்கிழமைதான்."

"கல்நெஞ்சக்காரி," என்று சிரித்தான். அவனும் அதை ஒத்துக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும். ஸக்லூலுக்குச் சொல்லியனுப்பினாள். புதுத் தூள் வாங்கினாள். செம்பைச் சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து, சர்க்கரைக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தாள். வியாழக்கிழமை காலையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. வெட்டின கால் சிவந்து வீங்கியிருந்தது. ஸக்லூலும் இன்னும் ரெண்டு பேரும் நாற்காலியில் உட்கார வைத்து நாலு மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கடை வாசலைத் தாண்டும்போது அவன் கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பி வரவில்லை.

தெருவில் பந்தல் போட்டார்கள். ஆண்கள் அங்கே உட்கார்ந்து ஓதலைக் கேட்டார்கள். கூலிக்கு வந்தவர்கள் காப்பி ஊற்றினார்கள். பந்தலைப் பிரித்த பிறகு வந்த வியாழக்கிழமை, கடைக் கூட்டாளிகள் தலையைக் குனிந்துகொண்டு மாடி ஏறி வந்தார்கள். போர்ட் சயீதிலிருந்து வந்திருந்த இப்திஸாம் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

"தேத்தண்ணி வேணாம். காப்பி," என்றாள் இன்ஷிராஹ்.

"பக்கத்து வீட்ல பெரிய பாத்திரம் வாங்கிட்டு வரட்டுமாம்மா?"

"வேணாம். எங்கிட்ட செம்பு இருக்கு."

ஒற்றைக் கோப்பைச் செம்பில், நீலத் திரியில், ஒவ்வொன்றாகப் போட்டாள். சர்க்கரைக் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. ஒவ்வொரு கோப்பையிலும் முகம் கூடி வந்தது, ஒன்றுகூட உடையவில்லை. முதல் ஆள் குடித்து முடித்த பிறகுதான் நாலாவது ஆளுக்குக் கிடைத்தது. யாரும் அவசரப்படவில்லை. நாலாவது ஆள் ஸக்லூல்.

அவன் கோப்பைக்குள் வெகுநேரம் பார்த்தான். வாழ்நாள் முழுக்கக் காப்பி ஊற்றினவன் அல்லவா. கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகக் குடித்தான். கோப்பையைத் தட்டில் வைத்தான். வைத்த கையோடு, தன்னை மறந்து, அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது.

"எப்பவும் இருக்கட்டும்."

சாவு வீட்டில் அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. இப்திஸாம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸக்லூல் தன் வாயிலேயே அறைந்துகொண்டான். "யா அல்லாஹ்! மன்னிச்சிரு, இப்திஸாம் அம்மா. மன்னிச்சிரு தங்கச்சி. காப்பி நல்லா இருந்துச்சு, நாக்கு தானா... நான் மனுஷனே இல்ல..."

இன்ஷிராஹ் கோபப்படவில்லை. எந்தக் காலத்திலோ நாக்கு நுனியில் எடுத்து வைத்த பதில் அங்கேயே இருந்தது.

"உங்க ஆயுசு நீளட்டும்," என்றாள்.

சொல்லிவிட்டுக் காலிக் கோப்பையை எடுக்கக் குனிந்தவள், எடுக்காமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலும் அழாதவள், அடக்கத்துக்குக் கொண்டுபோகும்போதும் அழாதவள், ஸக்லூலின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒரு கரண்டிதாண்ணே கேட்டாரு. புதன்கிழமையே கேட்டாரு. நான்தான் வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன்."