கள்ளனிட்டைக் கேட்டுப் போன் வைக்கிற ஊர்

போனிலை வாற கள்ளரிட்டை ஏமாறாதேங்கோ எண்டு ஊர் ஊராய்ச் சொல்லித் திரியிறது என்ரை தொழில். சிக்கல் என்னெண்டா, கள்ளன்ரை கதையைக் கேக்கிற பொறுமையோடை எங்கடை கதையை ஒருத்தரும் கேக்கமாட்டினம். மைக்கைப் பிடிச்சுக்கொண்டு, முன்னாலை இருக்கிற சனம் கொட்டாவி விடுறதைப் பாத்த ஆக்களுக்கு என்ரை கவலை விளங்கும்.

ஒரே பெட்டி

எங்கடை அரசாங்கக் கந்தோருக்கு ஒரு பெட்டி தந்திருக்கினம். பெரிய படத்தாள், துண்டுப்பிரசுரம், கள்ள அழைப்பு எப்பிடி வரும் எண்டு காட்டுற ஒலிப்பதிவு எல்லாம் அதுக்குள்ளை கிடக்கு. கொழும்பிலை செய்து எல்லா மாவட்டத்துக்கும் பொதுவா அனுப்பினது. ஒரு கிழமை நான் கொண்டு போவன், மற்றக் கிழமை சுகந்தி கொண்டு போவா. எனக்குப் பதினொரு வருசச் சேவை. அவ வந்து ஒரு வருசம். இந்த வருசம் எங்களிலை ஒராளை மாவட்டப் பயிற்றுநராய் எடுக்கப் போகினம் எண்டு கதை. அந்தக் கதிரை எனக்குத்தான் எண்டு நான் மனசுக்குள்ளை இருந்தும் பாத்திட்டன்.

மானிப்பாய்க் கூட்டத்துக்கு எனக்கு வந்தது ஒன்பது பேர். அடுத்த கிழமை அதே மண்டபத்திலை, அதே பெட்டியோடை போன சுகந்திக்குக் கதிரை காணாமல் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலை இருந்து வாங்குகளை இரவல் எடுத்தவையாம். கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சுது, ஏன் பொய் சொல்லுவான்? மண்டபக் காவலாளி வேறை ஆறுதல் சொல்ல வந்தார்: "நீங்கள் வாற நாள் எண்டா எனக்குச் சுகம் சேர், கதிரை அடுக்கிற வேலை இல்லை."

ஓம் தம்பி, சொல்லுங்கோ

பருத்தித்துறையிலை மீன் விக்கிற பெண்களுக்கு ஒரு கூட்டம். ஒலிப்பதிவைப் போட்டன். "வணக்கம் அம்மா, உங்களுக்கு ஒரு பரிசு விழுந்திருக்கு" எண்டு கள்ளன் தொடங்கினான். முன் வரிசையிலை இருந்த அம்மா ஒராள் மெத்தப் பணிவா, "ஓம் தம்பி, சொல்லுங்கோ" எண்டு ஒலிபெருக்கிக்கு மறுமொழி சொல்லுறா.

நான் படத்தாளைக் காட்டி, 'உடனடியாக அழைப்பைத் துண்டிக்கவும்' எண்ட வரியை மூண்டு தரம் உரத்து வாசிச்சன். அந்த அம்மாவுக்கு அது சரிப்படேல்லை. எங்கடை ஆக்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே, "அப்ப வைக்கட்டே?" எண்டு கேட்டு, மற்றப் பக்கம் "ஓம், வையுங்கோ" எண்டு சொன்னாத்தான் போனை வைப்பம். அவ என்னைப் பாத்துச் சொன்னா: "கதைச்சுக்கொண்டிருக்கிற பிள்ளையிட்டை வைக்கட்டே எண்டு ஒரு சொல்லுக் கேளாமல் முகத்திலை அடிச்ச மாதிரி வைக்க, எங்களை அப்பிடியோ வளத்திருக்கு?"

மார்க்கராலை ஒரு வரி

அந்தக் கதையைக் கந்தோரிலை பிளேன்ரீ குடிக்கேக்கை பகிடியாச் சொன்னன். எல்லாரும் சிரிச்சவை. சுகந்தி மட்டும் சிரிக்காமல், "அண்ணை, அந்த அம்மா சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ" எண்டா. எனக்கு அப்பவாவது மூளையிலை பட்டிருக்க வேணும்.

அடுத்த முறை பெட்டி என்ரை கைக்கு வரப் படத்தாளைத் திறக்கிறன், என்ரை அந்தத் 'துண்டிக்கவும்' வரிக்குக் கீழை தடிச்ச மார்க்கராலை எழுதியிருக்கு: 'கள்ளனிட்டை வைக்கட்டே எண்டு கேளாதேங்கோ. வையுங்கோ.' எழுதினது மட்டுமில்லை. சனத்தின்ரை கையிலை போனைப் பிடிக்க வைச்சு, ஒலிப்பதிவைப் போட்டு, வாய் திறக்காமல் சிவப்புப் பொத்தானை அமத்தப் பழக்கிறாவாம். சனம் சிரிச்சுச் சிரிச்சுத் திரும்பவும் போடச் சொல்லுதாம். கதை என்ரை, கைதட்டு அவவுக்கு. பொறுக்கேலாமல் கந்தோர்ப் பெரியவரிட்டைப் போய், அரசாங்கத் தாளிலை கிறுக்கியிருக்கிறா எண்டு கோள் சொன்னன். அவர் தாளைப் பிரட்டிப் பின்பக்கத்தைக் காட்டினார்: "தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தலாம் எண்டு கிடக்கு. ரெண்டு வருசமா இதைக் காவுறீர், ஒருக்காலும் பிரட்டிப் பாக்கேல்லையே?"

வீட்டுக்கு வந்த அழைப்பு

பயிற்றுநராய் ஆரை எடுக்கலாம் எண்டு மூத்தவன் எண்ட முறையிலை என்னையே ஒரு சிபாரிசு எழுதித் தரச் சொன்னார் பெரியவர். பேர் எழுதுற இடத்தை வெறுமையா விட்டு, தாளைப் பையுக்குள்ளை வைச்சுக்கொண்டு நாலு நாள் திரிஞ்சன். என்ரை பேரை நானே எழுத வெக்கம். அவவின்ரை பேரை எழுதக் கை வரேல்லை.

அஞ்சாம் நாள் மத்தியானம் சாப்பிட வீட்டை வர, என்ரை மனிசி குசினியிலை முகம் வெளிறிப்போய் இருக்கிறா. வங்கியிலை இருந்து எண்டு ஒருத்தன் போன் எடுத்தவனாம். நல்ல எங்கடை தமிழ், பேரெல்லாம் சரியாச் சொன்னவனாம். போனுக்கு வந்த ரகசிய இலக்கத்தை வாசிக்கச் சொல்ல, இவவும் ரெண்டு இலக்கம் வாசிச்சிட்டா. மகளின்ரை படிப்புக்கு எண்டு போட்டு வைச்சது முழுக்க அந்தக் கணக்கிலைதான். "பிறகு?" எண்டன். மூண்டாவது இலக்கத்திலை பொறி தட்டி, ஒரு சொல்லும் பறையாமல் வைச்சிட்டாவாம்.

போன உயிர் திரும்பி வந்த கையோடை எனக்குப் பெருமையும் வந்திட்டுது. "பாத்தீரே, நான் நெடுகச் சொல்லிறது உதவியிருக்கு" எண்டன். மனிசி என்னை மேலும் கீழும் பாத்தா: "நீங்கள் சொல்லேக்கை நான் எந்த நாள் காது குடுத்தனான்? சுகந்தி எங்கடை மாதர் சங்கத்திலை போனைக் கையிலை தந்து பழக்கினவ, விரல் தன்பாட்டிலை போச்சுது."

அண்டைக்கே சிபாரிசிலை சுகந்தியின்ரை பேரை எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டன். அதோடை பொறாமை தீந்துது எண்டு நினையாதேங்கோ, முந்திக் கந்தோரிலை மட்டும் இருந்தது இப்ப வீட்டுக்கும் வந்திட்டுது.