பகலில் வந்த அழுகை முகங்கள்

பெரும்பாறை எஸ்டேட்டில் குஞ்சம்மாளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். ஒன்பது வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள், மண்டபம் முகாமில் பெயரைத் தப்பாக எழுதிய அதிகாரியோடு அப்போதே சண்டை போட்டாளாம். முப்பது வருஷமாகக் காப்பிப்பழம் பறிக்கிறாள். கங்காணியே அவளிடம் அளந்துதான் பேசுவார். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"எப்பிடி இருக்கீங்க?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

பதில் சொல்பவர் கணவர் காசிநாதன். ஏணி போட்டு மிளகு பறிக்கும்போது விழுந்து இடுப்பு போனதிலிருந்து எட்டு மாதமாகத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் அறையில் கட்டிலோடு கிடக்கிறார். ஒரே மகள் வடிவு பூண்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நல்லா இருக்கேன் என்று அவர் சொன்னதைக் குஞ்சம்மாள் நம்பினாள். உண்மையைச் சொன்னால், நம்புவது சௌகரியமாகவும் இருந்தது.

2009 ஐப்பசி மழையில் மேனகா என்ற பெண் மலையேறி வந்தாள். ஏதோ ஆராய்ச்சிக்காகத் தோட்டத்துப் பெண்கள் இருபது பேருக்கு ஆளுக்கொரு ஸ்மார்ட்போன் கொடுத்தாள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை அது மணியடிக்கும். மேனகாவின் குரலிலேயே, "இப்போ உங்க மனசு எப்படி இருக்கு?" என்று கேட்கும். திரையில் சிரிப்பது முதல் அழுவது வரை ஐந்து முகங்கள் வரும். சின்னக் குச்சியால் ஒன்றைத் தொட வேண்டும். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று இன்னொரு கேள்வி. பதில்கள் தானாகவே மேனகாவுக்குப் போய்விடும். அவ்வளவுதான். எப்போதும் கூடவே வைத்திருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

குஞ்சம்மாள் நன்றாகத் தலையாட்டினாள். மறுநாளே அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டிலருகே பெட்டிமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பறிக்கத் தொடங்கும் முன்பே மழை பிடித்துக்கொள்ளும் ஊரில் வேறு என்ன செய்வாள்? காலையில் ஒரு சிரிப்பு முகம், சாயங்காலம் வந்து ஒரு சிரிப்பு முகம். பகலில் அடித்தால் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து மேனகா காப்பி ஸ்டோருக்கு வந்து அவளைத் தனியே கூப்பிட்டாள். முகம் சரியில்லை.

"அக்கா, காலையிலயும் சாயங்காலமும் நல்லா இருக்கீங்க. பகல்ல மூணு தடவையும் அழுகிற முகம். பதினாலு நாளும் அப்படித்தான். பக்கத்துல யாரும் இல்லன்னு வேற போட்டிருக்கீங்க. வேலையில யாராச்சும் தொந்தரவு பண்றாங்களா? பயப்படாம சொல்லுங்க."

"நான் போடலையே தாயி. பகல்ல அது வீட்டுலதான கெடக்கு."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே உறைத்தது. பகலில் வீட்டில் இருப்பவர் ஒருவர்தான்.

கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்க்கவில்லை, லயத்தைப் பார்த்து நடந்தாள். பீன்ஸுக்கு அடிக்க வாங்கிய பூச்சிமருந்து டப்பா அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது என்பது பாதி வழியில் நினைவுக்கு வந்தது. அதற்குமேல் அவள் நடக்கவில்லை, விழுந்தடித்து ஓடினாள்.

காசிநாதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் போன், மறு கையில் குச்சி. மருந்து டப்பா வைத்த இடத்தில் தூசியோடு அப்படியே இருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"என்கிட்ட நல்லாருக்கேன்னு சொல்லிட்டு, ஊர்பேர் தெரியாத பிள்ளகிட்ட அழுவீங்களோ?"

காசிநாதன் குச்சியைக் கீழே வைத்தார்.

"நீ நாளெல்லாம் நனைஞ்சிட்டு வந்து நிக்கிற. ஒன்கிட்ட எப்பிடிச் சொல்ல? இந்தப் பிள்ள நேரந்தவறாம கேட்டுச்சு, சொன்னேன். சொன்னா அதுக்கு வலிக்காதுல்ல."

குஞ்சம்மாள் வாயடைத்து நின்றாள். அதைப் பார்த்த ஒரே ஆள் எஸ்டேட்டில் அவர்தான். பிறகு ஈரச் சாக்கோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். அவரும் அழுதார். பின்னால் ஓடிவந்த மேனகா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அந்தப் பதினாலு நாள் கணக்கும் ஆராய்ச்சிக்கு உதவாது என்று மேனகா அழித்தாள். ஆனால் காசிநாதனை வத்தலக்குண்டு டாக்டரிடம் அவளே கூட்டிப்போனாள். இடுப்புக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை கிடைத்தது. பக்கத்து வீட்டு நல்லுசாமி தினமும் அவரைக் கைத்தாங்கலாக ஸ்டோருக்குக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தார். காசிநாதன் அங்கே காப்பிக்கொட்டையில் கல் பொறுக்கினார், கூட இருந்தவர்களோடு வாயாடினார். மருந்து டப்பா அன்றைக்கே கங்காணி வீட்டுக்குப் போய்விட்டது. போன் குஞ்சம்மாளின் மடியில் ஏறியது.

ஒரு வாரம் போயிருக்கும். சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு வழக்கம்போலக் கேட்டாள்.

"எப்பிடி இருக்கீங்க?"

"எனக்கென்ன," என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "இன்னிக்கு நல்லா இல்ல, குஞ்சம்மா. இடுப்பு பிடுங்குது. மத்தியானம் ஒன்னத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

எட்டு மாதத்தில் அவள் கேட்ட நல்ல சேதி அதுதான். தைலக் குப்பியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் போன் மணியடித்தது.

"செத்த பொறு தாயி," என்றாள் அதனிடம். "நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்."