கை காட்டும் அங்கிள்

டெக்சஸில் நான் வேலைக்குப் போன பஸ்ஸில் ஒரு தமிழ் அங்கிள் டயாலிசிஸுக்கு வருவார். பார்வை மங்கி, லைசென்ஸ் போனவர். பஸ் சத்தம் கேட்டதுமே ஊர்ப் பழக்கத்தில் கை காட்டுவார்.

"கை காட்டாட்டியும் நிக்கும் அங்கிள்."

"நம்ம ஊர்ல காட்டினாலே நிக்காது தம்பி."

அந்த பஸ்ஸின் கடைசி நாளில் சொன்னார்: "சிட்டி எலெக்‌ஷன்ல நின்னவங்க, பஸ் டிக்கெட் விலை ஏத்த மாட்டோம்னாங்க. நம்பி ஓட்டுப் போட்டேன், வீட்டு வாசல்ல அவங்க போர்டுகூட வச்சேன். விலை ஏறல. ரூட்டையே கட் பண்ணிட்டாங்க."

நான் கார் வாங்கினேன். ஒரு காலை, பஸ் பலகையைப் பிடுங்கிவிட்ட அதே ஸ்டாப்பில், போகிற கார்களுக்கெல்லாம் அவர் கை காட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தி ஏற்றிக்கொண்டேன். பெல்ட்டைத் தடவிப் போட்டவர் கேட்டார்: "திரும்பி வர்றதுக்கு யாருக்குத் தம்பி கை காட்டுவேன்?"