அத்தை முகம்

கம்வாங்காவுக்கு இரண்டு பெண்டாட்டி. ஒருத்தி சிலோம்போ. மரவள்ளிக் களி கிண்டுவாள், சண்டை போடுவாள், தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள். இன்னொருத்தி மரம்.

மரம் என்றால் புவோ முகமூடி. புவோ என்றால் பெண். அதை மாட்டிக்கொண்டு ஆடுகிறவன்தான் ஆண். செதுக்குகிறவர் எங்கோ ஒரு நல்ல முகக்காரியைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, காட்டுக்குள் ஒளிந்து உட்கார்ந்து அவளை மரத்தில் எடுப்பார். ஆடுகிறவன் ஒரு பித்தளை வளையம் கொடுத்து அவளைக் கைப்பிடிக்க வேண்டும். அது விலை இல்லை, பரிசம். அன்றிலிருந்து அவன் அவளுக்குப் புருஷன். அவன் செத்தால் அவளும் சதுப்புச் சேற்றுக்குள் போவாள். பெண்களுக்கு இதெல்லாம் தெரியக்கூடாது. அவர்களுக்கு அது செத்தவர் உலகத்திலிருந்து எழுந்து வந்த மூதாய். தெரியாத பெண் ஒருத்தியும் இல்லை, தெரியும் என்று வாய் திறந்தவளும் ஒருத்தி இல்லை.

கம்வாங்கா வாலிபனாக இருந்தபோது சாங்கோம்பே என்கிற செதுக்குக்காரர் அவனுக்கு அதைக் கொடுத்தார். யார் முகம் என்று அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. பிறகு போர் வந்தது. சாங்கோம்பே கண்ணிவெடியில் கால் வைத்துச் செத்துப்போனார். பாதி ஊர் எல்லை தாண்டி ஓடியது. கம்வாங்கா ஓடவில்லை. பகலெல்லாம் மரவள்ளிக்கு மண் கொத்தினான். கூப்பிட்ட ஊருக்குப் போய் ஆடினான். ஆடாத நாளில் அவன் யாரோ ஒருத்தன். ஆடுகிற நாளில் கிழவிகள்கூட இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இவளப் பாத்துத்தான்டி நாம நடக்கக் கத்துக்கணும்” என்பார்கள். மூச்சு முட்டும் அந்த மரத்துக்குள் அவன் சிரித்துக்கொள்வான்.

போர் முடிந்து ஆட்கள் திரும்பி வந்தபோது சிலோம்போ வந்தாள். ஓடைக்கு அந்தப்பக்கத்து ஊர். கல்யாணம் ஆயிற்று. அவளோடு ஒரு மாமியாரும் வந்தாள்: நசாம்பா.

மாமியார் முகத்தை மருமகன் பார்க்கக்கூடாது. பாதையில் எதிரே வந்தால் புல்லுக்குள் இறங்கி முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கம்வாங்கா இந்த மரியாதையில் ஒரு குறை வைத்ததில்லை. நசாம்பாவுக்கு ஒரு வறட்டு இருமல் உண்டு. அது வளைவுக்கு அந்தப்பக்கம் கேட்டாலே இவன் புல்லுக்குள் இருப்பான்.

“பாம்பக் கண்டாக்கூட இவ்வளவு வேகமா எறங்கமாட்ட மாப்ள,” என்று முழவு அடிக்கிற சயேங்கோ கேலி செய்வான்.

“பாம்பு கடிச்சா மருந்து இருக்குடா.”

ஆக, அத்தை என்றால் அவனுக்கு ஓர் இருமல், வெடித்த இரண்டு குதிகால். அவ்வளவுதான்.

முதல் பிள்ளை பிறந்து, பல் முளைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது. சிலோம்போ வெகுநாள் அடுப்புப் பக்கமே போகவில்லை. மறுபடி அவள் வயிற்றில் தங்கியிருந்தபோதுதான் மாமியார் ஊரில் பையன்கள் சுன்னத்து முகாமிலிருந்து வெளியே வரும் விழா வந்தது. புவோ ஆட வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள்.

அன்றைக்கு அவன் ஆடிய ஆட்டத்தை இன்றும் சொல்கிறார்கள். நார்ச்சட்டைக்குள் வியர்வை ஓட, இடுப்பில் கட்டிய வால்கட்டு ஒரு பக்கம் போக, தோள் மறுபக்கம் போக, பெண்கள் கூட்டம் குலவையிட்டது. நடுவில் அந்த இருமல் கேட்டது.

கால் தானாகத் திரும்பிக்கொண்டது. மூதாய்க்கு மாமியார் ஏது? அவன் பாட்டுக்கு ஆடியிருக்கலாம். ஆனால் அத்தனை வருஷம் புல்லுக்குள் இறங்கிய காலுக்கு முகமூடி ஒரு சாக்காகத் தெரியவில்லை. முதுகைக் காட்டி ஆடினான். நசாம்பாவோ வேடிக்கை பார்ப்பதில் விடாக்கண்டி. போருக்குப் பிறகு அவள் பார்க்கும் முதல் புவோ. முகம் பார்க்க இந்தப்பக்கம் வந்தாள், அது அந்தப்பக்கம் திரும்பியது. அந்தப்பக்கம் போனாள், இந்தப்பக்கம் திரும்பியது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

“ஏ தாயி! எல்லாருக்கும் மொகத்தக் காட்டுற, எனக்கு மட்டும் முதுகா?” என்று கத்திக்கொண்டே அவள் குறுக்கே பாய்ந்துவிட்டாள். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். பிறகு அவள் குரல்:

“ஐயோ, இது என் மொகம்டி! நான் கன்னியா இருக்கயில சாங்கோம்பே ஆத்தங்கரையில நின்னு என்னையே வெறிச்சுப் பாப்பான். பாருங்கடி! அதே நெத்தி, கன்னத்துல அதே கண்ணீர்க்கோடு!”

கண்ணுக்குக் கீழே கீறிவிடும் அந்தக் கண்ணீர்க்கோடு அவள் வயதுக்காரிகள் எல்லார் கன்னத்திலும் இருந்தது. அதை யார் யோசித்தார்கள்? குலவை எழுந்தது. பாதியில் நின்றது. எந்த ஆண் எந்தப் பெண்ணுக்கு முதுகைக் காட்டுவான் என்று யாரோ ஒருத்திக்கு உறைத்துவிட்டது. அப்புறம் எல்லாருக்கும் உறைத்தது. நசாம்பாவுக்குக் கடைசியில் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போனவள் விழா முடியும்வரை வெளியே வரவில்லை.

அந்த வாரமே சிலோம்போவின் தாய்மாமன் சபாலு வந்தார். ஊரில் பெண் கொடுப்பதும் பெண்ணைத் திரும்ப அழைப்பதும் தாய்மாமன் கையில்தான். அவர் உட்காரவில்லை.

“மாப்ள, அன்னைக்கு ஆடுனது யாருன்னு நான் கேக்கல. கேக்கவும் கூடாது. ஆனா வளையம் குடுத்தவன் புருசன். அம்மாவையும் மகளையும் ஒருத்தனே வச்சிருந்தா பொறக்குறது தங்குமா? மொதப் புள்ள ஏன் போச்சுன்னு இப்பல்ல தெரியுது.”

பிள்ளையைப் புதைத்த கை கம்வாங்காவுடையது.

“மாமா, அது அத்தை மொகம்தான்னு எப்படிச் சொல்றீங்க?”

“நீ அத்தையப் பாத்திருக்கியா?”

“நான் எப்படி மாமா பாக்க முடியும்?”

“அப்ப பாத்தவங்க சொல்றதக் கேளு.”

மரத்தின் முகத்தைக் கம்வாங்காவைப்போல் அறிந்தவன் இல்லை. மாமியாரின் முகத்தை அவனைப்போல் அறியாதவனும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடாத ஒரே ஆள் அவன். தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டால்தான் என்ன என்று ஒரு நாள் ஓடைப்பாதையில் நின்றான். இருமல் கேட்டது. புல்லுக்குள் இறங்கிவிட்டான்.

சிலோம்போ துணியை மூட்டை கட்டினாள். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. வாசலில் நின்று அவனைப் பார்க்காமலே பேசினாள்.

“ஒனக்கு மூத்தாள் ஒருத்தி இருக்கான்னு ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாதுன்னே நீ நெனச்சுக்க.”

“சிலோம்போ...”

“நான் அவகிட்ட ஒரு நாளும் சண்ட போட்டதில்ல. அவகிட்ட போயிட்டு வந்தா நீ சந்தோசமா இருந்த, அது எனக்குப் போதும்னு இருந்தேன். ஆனா இந்தப் புள்ளையும் போச்சுன்னா நான் இருக்கமாட்டேன்யா. அவள அனுப்பிடு. அனுப்புனா நான் வர்றேன்.”

அனுப்புவது என்றால் சாதாரணமா? புவோ சேற்றுக்குள் போவது ஆடுகிறவன் செத்தால்தான். இவன் உயிரோடு அதைச் செய்தால், அந்த மட்டுக்கு இவன் செத்தவன். பிறகு எந்த முழவும் அவனை அழைக்காது. கம்வாங்கா அழுதான். ஆண்பிள்ளை, தோட்டத்து நடுவில், மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிள்ளை பிழைக்கட்டும் என்றுதான் அப்புறமும் தோன்றியது.

ஒரு மத்தியானம் மூட்டையோடு சதுப்புக்குப் போனான். சயேங்கோ மட்டும் கூட வந்தான். புதைக்கும் முன் துணியைப் பிரித்து முகத்தைத் தடவினான். மூடிய நீளக் கண்கள். ஒட்டினாற்போல மெல்லிய காது. ஏதோ சொல்லவந்து நிறுத்தியதுபோல இடது ஓரத்தில் லேசாக ஏறிய உதடு. கட்டைவிரல் அந்த ஓரத்திலேயே நின்றது. வளையத்தையும் உள்ளே வைத்து அமிழ்த்தினான். சேறு மூடிக்கொண்டது. சயேங்கோ ஒரு சாவுக்கு அடிக்கிற மாதிரி முழவை மெதுவாக அடித்தான்.

சிலோம்போ திரும்பி வந்தாள். பெண் பிறந்தது, பிழைத்தது. “பாத்தியா?” என்றது ஊர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த மழைக்காலத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் காய்ச்சல் வரவில்லை என்பதை யாரும் பேசவில்லை.

கம்வாங்கா மண் கொத்தினான். தூரத்தில் முழவு கேட்டால் மண்வெட்டி நின்றுவிடும். வேறொருவன் ஆடப் போனான். நன்றாகவே ஆடினான் என்றார்கள். இவன் போய்ப் பார்க்கவில்லை. நசாம்பாவுக்கோ வெட்கம் தெளிந்து மெல்லப் பெருமை வந்தது. புவோ முகக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு, பேத்தியை இடுப்பில் வைத்துச் சந்தைக்குப் போய்வந்தாள்.

பேத்தி ஓடியாடும் வயதில் அந்த இருமல் நசாம்பாவைக் கொண்டுபோயிற்று. செத்தவளிடம் மருமகனுக்கு மறைப்பு இல்லை. கடைசியாக ஒரு தடவை முகம் பார்த்து, துணி போர்த்திவிட்டு வர வேண்டும். சபாலு அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். கால் தயங்கியது. பழக்கம்.

கம்வாங்கா குனிந்து பார்த்தான்.

குட்டையான, அகன்ற முகம். விரிந்து நின்ற காது. தெத்துப்பல்லால் தூக்கிய மேலுதடு. வயது ஒரு முகத்தை எவ்வளவோ மாற்றும், அது அவனுக்கும் தெரியும். காதை மாற்றாது, எலும்பை மாற்றாது. அவன் கட்டைவிரல் தன்னையறியாமல் வெறும் காற்றில் அந்த உதட்டோரத்தைத் தேடியது. கன்னத்துக் கண்ணீர்க்கோட்டைத் தவிர சேற்றுக்குள் போனவளிடம் இருந்த எதுவும் இவளிடம் இல்லை. இவள் பொய்யும் சொல்லியிருக்கமாட்டாள். கன்னியாக இருந்தபோது ஒருத்தன் ஆற்றங்கரையில் நின்று பார்த்தான் என்று நம்பியிருப்பாள். அவ்வளவுதான். அவனுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சிலோம்போ, அழுது வீங்கிய கண்ணோடு நிமிர்ந்தாள். அவள் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

“பாத்தியாய்யா? அதே மொகம்தான?”

கம்வாங்கா துணியை எடுத்து நசாம்பாவின் முகத்தை மூடினான்.

“அதே மொகம்தான்,” என்றான்.