பழைய ரொட்டியைத் தொடாத மனிதர்

பேக்கரி கவுன்ட்டரில் நின்ற அந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமைதான். நேற்றைய ரொட்டியைக் கையால் தொடமாட்டார். மாவு பிசைபவர் வேறொருவர், அடுப்பில் சுடுபவர் இன்னொருவர். இவர் வேலை காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது மட்டும். ஆனால் அவர் நடக்கும் தோரணையைப் பார்த்தால் கோதுமையையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று தோன்றும். தெருக்காரர்கள் அவருக்குச் 'சுடச்சுட' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைப் பட்டம் என்று நினைத்து உச்சி குளிர்ந்தார்.

அந்தப் பெருமைதான் அவர் மனைவியின் நெஞ்சில் தீ வைத்தது. அவளுடைய தம்பி லாரி மெக்கானிக். ஒருமுறை அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன், "அக்கா, நேத்து ரொட்டி இருந்தா குடேன்" என்று ஆசையாகக் கேட்டான்.

"காஞ்சதத் தின்னே வளந்த குடும்பம்தானே! நாக்கு எப்படி மாறும்?" என்று சிரித்தார் சுடச்சுட.

தம்பி தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். வருடக்கணக்கில் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. அவள் முந்தானை ஈரமாகாத நாள் இல்லை. அந்த மனிதருக்கு அது தெரியவே தெரியாது; அவர் காதுகளுக்குத் தன் பேச்சைக் கேட்கவே நேரம் போதவில்லை.

இந்தக் கோடையில் அவளே பட்டறைக்குப் போய்க் கெஞ்சினாள். தம்பி கரைந்தான். "ஞாயித்துக்கிழமை வரேன். ரொட்டி சாலட் செஞ்சு வை அக்கா. வேற ஒண்ணும் வேணாம்."

சனிக்கிழமையே அந்தச் சாலட்டுக்காக ரொட்டியைத் துண்டு போட்டு ஜன்னலில் காய வைத்தாள். மறுநாள் தக்காளியும் வெள்ளரிக்காயும் வாங்கி வந்தபோது ஜன்னல் வெறுமையாக இருந்தது.

"ஏங்க, இங்க இருந்த ரொட்டி எங்க?"

"தெருமுனை ஆட்டுக்குப் போட்டேன். வர்ற மனுஷனுக்கு செங்கல்லையா குடுப்ப? புது ரொட்டி கொண்டுவந்து, வீட்ல இருந்த தக்காளி, வெங்காயம், வினிகர், எண்ணெய் எல்லாம் ஊத்தி நானே கலந்து வெச்சிருக்கேன். நல்லா ஊறட்டும்."

மூடியைத் திறந்தாள். தண்ணீரில் ஊறிய பஞ்சு போல ஏதோ கிடந்தது.

"காஞ்ச ரொட்டிதாங்க சாறக் குடிச்சும் கரையாம நிக்கும். புதுசா போட்டா இப்படித்தான்..."

"ரொட்டியப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?"

கதவு தட்டப்பட்டது. தம்பி வியர்த்து நனைந்து, வெட்கத்தோடு நின்றான். அவள் வாயைத் திறப்பதற்குள் சுடச்சுட அவன் தட்டில் கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டார்.

"சாப்பிடுங்க மாப்பிள்ள! காலைல சுட்டது. பழசெல்லாம் இந்த வீட்ல ஆட்டுக்குத்தான்."

தம்பியின் முகம் சிவந்தது. கரண்டியை வைத்தான். எழுந்தான். அவள் உயிரே அவனோடு எழுந்து நின்றது. இந்த முறை போனால் இனி வரமாட்டான்.

"இருடா" என்றாள். "உன் வீட்ல காஞ்ச ரொட்டி இருக்கா?"

அவன் ஒரு கணம் விழித்தான். "ஒரு டப்பா நிறைய இருக்குக்கா."

வாங்கி வந்த பையைப் பிரிக்காமலே தோளில் மாட்டினாள். செருப்பைத் தேடிப் போட்டாள்.

"ஏய், எங்க கிளம்பிட்ட? எனக்குச் சாப்பாடு?"

"கிண்ணம் நிறைய கலந்து வெச்சிருக்கீங்களே."

அக்காவும் தம்பியும் வெயிலில் இறங்கி நடந்தார்கள். தெருமுனையில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

மாடி வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார். "என்ன சார், அம்மா கிளம்பிட்டாங்க?"

"நான்தான் அனுப்பி வெச்சேன். தம்பி வீட்டுக்குப் போகணும்னு ஆசைப்பட்டா, பாவம். நமக்குப் பெரிய மனசு சார்."

மாடி வீட்டுக்காரர் மேசையை எட்டிப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா சார்? கஞ்சி வெச்சிருக்கீங்க?"

"ஆமா" என்றார் சுடச்சுட. "வெயிலுக்கு நல்லது."