அத்தையின் ரெக்சின் பை

அந்த நீல ரெக்சின் பை இப்போது என் மடியில் இருக்கிறது. ஜிப் எப்போதோ போய்விட்டது. குடும்பத்தோடு கல்லாற்றுக்குப் போகும்போதெல்லாம் அத்தை இதை வைத்துக்கொண்டு கரைப் பாறையில் உட்கார்ந்திருப்பாள். எங்கள் கைக்கடிகாரங்கள், சித்தப்பாவின் பர்ஸ், அப்பாவின் கண்ணாடி எல்லாம் இதற்குள்தான். சின்ன வயதில் நாஞ்சில் நாட்டு ஊர்க்குளத்தை இக்கரைக்கும் அக்கரைக்குமாக நீந்தியவள் அவள் என்று அப்பாவே பெருமையாகச் சொல்வார். சொன்ன கையோடு கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்குவார். "நீயும் வா" என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. பையை யார் பார்த்துக்கொள்வதாம்? கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தபின் அவள் நீந்தி யாரும் பார்த்ததே இல்லை.

சில வருடங்களுக்கு முன் அலுவலகம் என்னை மெக்சிகோவுக்கு அனுப்பியது. கடலோரம் மாயா மக்கள் கட்டிய பழங்கோயில் ஒன்றின் படத்தை வீட்டுக்கு அனுப்பினேன். ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்தக் கடை வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த அத்தையிடமிருந்து அன்றே அழைப்பு வந்தது. "டிக்கெட் எடு மக்களே, நான் வாறேன்." அப்பா ஆடிப்போய்விட்டார். அத்தை இதே பையோடு வந்து இறங்கினாள்.

அடேயப்பா, அந்த இடம்! பாறை விளிம்பில் சாம்பல் நிறக் கோயில், கீழே மயில் கழுத்து நிறத்தில் கடல், இடிந்த படிகளில் முழங்கை நீள ஓணான்கள் வெயில் காய்ந்தன. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எனக்குத் தலை சுற்றியது. அத்தையோ கோயில் என்றதும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். காவலாளி போடச் சொல்லிச் சைகை காட்டினார். சுடுமணலில் துள்ளித் துள்ளி நடந்தாளே ஒழியப் போடவில்லை. சுற்றி வந்து முடித்ததும் வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்கச் சொன்னாள், கோயில் இருந்தால் குளம் இருக்குமே, அது எங்கே என்று. அந்தப் பெண்ணுக்கு ஒரே மகிழ்ச்சி. இங்கே ஆறு பூமிக்கடியில்தான் ஓடுகிறது, மேல்பாறை இடிந்த இடங்களில் கிணறுபோல் திறந்திருக்கும், மாயாக்களுக்கு அதுதான் புனிதத் தீர்த்தம் என்றாள். மதியமே கிளம்பினோம்.

காட்டுக்குள் திடீரென்று ஒரு பெரும்பள்ளம். தொங்கும் வேர்களுக்குக் கீழே, அடித்தரை தெரியும் நீலத் தண்ணீர். அத்தை விளிம்பில் குனிந்து எட்டிப் பார்த்தாள். பிறகு, பாவி, பழக்கம் விடவில்லை. படியில் உட்கார்ந்து பையைத் திறந்து என் கடிகாரத்துக்காகக் கையை நீட்டினாள். நான் பையையே பிடித்துக்கொண்டேன்.

"அத்தே, நீங்க இறங்குங்க. பைய நான் பாத்துக்கிடுதேன்."

"நானா?" என்றாள். ஒருமுறைதான் கேட்டாள். அங்கே கட்டாயமான மிதவைச் சட்டையைச் சுடிதார் மேல் மாட்டிக்கொண்டு, படியை ஒதுக்கிவிட்டு மேலிருந்தே குதித்தாள்! மறுகரையைத் தொட்டுத் திரும்பியவளுக்கு ஒரே குறைதான். "இந்தச் சட்ட முங்க விடமாட்டேங்குதே மக்களே." சிரித்தாள், அழுதாள். நானும்தான்.

இன்று மறுபடி கல்லாறு. அப்பா வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றிப் பாறைப் பக்கம் நீட்டினார். அங்கே நான்தான் இருந்தேன், பையோடு. அத்தை எல்லோருக்கும் முன்பே இறங்கி மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அத அங்ஙன வச்சிட்டு நீயும் வா மக்களே. யாரு எடுக்கப் போறா?"