மூன்று பெட்டியிலும் ஒரே சீட்டு

வடிவு அக்கா ஹெப்பாளில் டைப்ரைட்டர் ரிப்பன் செய்யும் கம்பெனியின் நூலகத்தில் டைப்பிஸ்ட். வெளிநாடுகளில் யார் எந்தக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார்கள் என்ற சுருக்கம் மாதாமாதம் புத்தகமாக வரும். ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் அடித்து, அந்தத் தொழிலுக்குரிய மரப்பெட்டியில் போட வேண்டும். ஃபேக்ஸுக்கு ஒரு பெட்டி, நகல் மெஷினுக்கு ஒன்று, கம்ப்யூட்டர் பிரிண்டருக்கு ஒன்று.

ஒரு சீட்டுக்கு ஒரே பெட்டிதான். நூலகப் பொறுப்பாளர் வைத்யநாதன் வைத்த சட்டம் இது. அக்காவோ சில சீட்டுகளைக் கார்பன் வைத்து அடித்து மூன்று பெட்டியிலும் போட்டாள். அவர் ஒவ்வொன்றையும் தவறு என்று நோட்டில் சிவப்பு மையால் குறித்தார்.

"எத்தனை தடவை சொல்றது? ஃபேக்ஸ்னா ஃபேக்ஸ் பெட்டி. இதுல என்ன கஷ்டம்?"

"ஃபேக்ஸ்காரன் மட்டும் காப்புரிமை கேட்டிருந்தா அதுல போட்டிருப்பனுங்க சார். பிரிண்டர்காரனும் நகல் மெஷின்காரனும் இதையேதான கேக்கறாங்க?"

"நீ டைப் அடி. யோசிக்க வேற ஆள் இருக்காங்க."

1992இல் பதினொரு தவறு. அடுத்த ஆண்டு நாற்பத்து மூன்று. 1994இல் நூற்றிருபதைத் தாண்டியது. கவனக்குறைவு என்று எழுதி அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. சாதாரணத் தாளில் ஃபேக்ஸ் அடித்து, நகலும் எடுத்து, கம்ப்யூட்டருக்கும் அச்சிடும் ஒரே மெஷினை நோக்கி மூன்று தொழில்களும் வந்துகொண்டிருந்தன. அதற்கான ஆதாரத்தைத் தன் கையாலேயே வருடவாரியாக எழுதி வைத்த மனிதர், அந்த எண்கள் ஏன் ஏறுகின்றன என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

1995 ஜனவரியில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஃபேக்ஸுக்கான மருந்து பூசிய சுருள்தாள் செய்யப் புதுக் கம்பெனி வருகிறது. ரிப்பன் பிரிவின் முப்பத்திரண்டு பேரும் நிரந்தர வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே போகலாம், சம்பளம் கூடுதல். அவர்களில் அக்காவின் கணவர் காளியப்பனும் ஒருவர்.

அக்கா அந்த நோட்டை வைத்யநாதனிடமே நீட்டி, "இதை மேனேஜர் கிட்ட காட்டோணும் சார். சாதாத் தாளுலயே ஃபேக்ஸ் வரப்போகுது, அந்தச் சுருள்தாளு நாலு வருசம் தாங்காது" என்றாள்.

"தப்புப் பண்ணிட்டு அதையே பெருமையாக் காட்டுவியா?" என்று அவர் நோட்டைப் பூட்டி வைத்தார்.

வீட்டில் காளியப்பன் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்.

"ரிப்பன் மட்டும் வாழுமா புள்ள?"

"வாழாதுங்க. ஆனா பர்மனென்ட்டா இருந்தா மூடறப்ப நமக்குச் சேர வேண்டியதக் குடுத்தாகோணும். பதினாறு வருச சர்வீஸ எழுதிக் குடுத்துட்டுப் போனா, கைய விரிச்சிருவாங்க."

அவர் பேனாவை மூடினார். மறுநாள் கம்பெனி பஸ் கிளம்பும் முன் அக்கா கேட்டருகே நின்று எல்லோரிடமும் இதைச் சொன்னாள். இருபத்தாறு பேர் கையெழுத்துப் போடவில்லை. ஆறு பேர் போட்டார்கள். அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

போன வருடம், 1998இல், சுருள்தாள் கம்பெனியை மூடினார்கள். ஆறு பேரும் வெறும் கையோடு வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவரான கெம்பையன் அக்கா வீட்டுக்கு வந்தார்.

"இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாமில்ல அம்மிணி?"

அக்கா தலைகுனிந்து நின்றாள். அவள் ஏன் குனிய வேண்டும்? சத்தம் போட வேண்டிய வைத்யநாதனுக்கு அதே மாதம் ஓய்வு பெறும் விழா நடத்தி, மாலை போட்டு, சால்வை போர்த்தினார்கள்.